சூரியனைக் கழுவிய நாள்

எங்கள் வீட்டில் படம் எடுப்பதைவிடப் படம் கழுவுவதுதான் பெரும்பாடு. நான் பசுமலையில் டீச்சராக இருந்தேன். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய அந்த ஆண்டுகளில் சூரியன்மேல் கரும்புள்ளிகள் நிறைய இருந்தன. சீமைக்குத் திரும்பிய ஒரு பாதிரியாரிடம் வாங்கிய சிறிய தொலைநோக்கியை மொட்டைமாடியில் நிறுத்துவேன். அதன் பின்னால் கறுப்புத் துணி சுற்றிய அட்டைப்பெட்டி. பெட்டிக்குள் வைத்த, போட்டோ மருந்து பூசிய கண்ணாடித் தகட்டில் சூரியன் படமாக விழும்.

பிறகு குளியலறைக் கதவை அடைத்து, அரிக்கன் விளக்கைச் சிவப்புத் துணியால் மூடி, தகட்டை மருந்தில் கழுவ வேண்டும். மதுரை வெயிலில் தொட்டித் தண்ணீர் ஆகாது. சூட்டில் படம் கூழாக வழிந்துவிடும். அதனால் குடிக்கும் மண்பானைத் தண்ணீரை எடுத்துக்கொள்வேன்.

"டீச்சரம்மா, சூரியன் குளிச்சது போக மிச்சமிருந்தா எனக்கும் ஒரு செம்பு குடுங்க" என்பார் என் கணவர். கோர்ட்டில் குமாஸ்தா, வாதாடுவதெல்லாம் வீட்டில்தான்.

ஒன்பது வயது மகளுக்கு நான் போட்டிருந்த சட்டம் ஒன்றே: தொலைநோக்கியில் கண்ணை வைக்கக் கூடாது. வைத்தால் பார்வை போய்விடும். தினமும் சொல்வேன், முனைக்கு மூடியும் போட்டு வைப்பேன். ஆனாலும் எனக்குப் பயம் போகாது.

அன்று முதல் தகட்டைக் கழுவி மாடி நிழலில் காயவைத்துவிட்டு, இரண்டாவதோடு குளியலறையில் இருந்தேன். மாடியிலிருந்து மகள் கூப்பிட்டாள்.

"அம்மா, சூரியன் கறுப்பாத் தெரியுது. நடுவுல வெள்ளை வெள்ளையாப் பொட்டு."

தகட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். படி ஏறியது நினைவில்லை. அவள் முகத்தைப் பிடித்து நிமிர்த்தி, விரல்களை நீட்டினேன்.

"எத்தனை விரல், சொல்லுடி."

"ஆட்டாமப் பிடிம்மா. இப்பிடி நடுங்குனா எதை எண்ணுறது? மூணு."

அவள் கையில் காய்ந்த தகடு இருந்தது. அதைச் சுண்ணாம்புச் சுவருக்கு நேரே பிடித்துப் பார்த்திருக்கிறாள். காகிதத்தில் அச்செடுத்த பிறகுதான் அவளுக்குப் படம் காட்டுவேன். தகட்டை அவள் பார்த்தது அதுவே முதல் முறை. தகட்டில் வெளிச்சம் கறுப்பாகவும் கறுப்பு வெளுப்பாகவும் விழும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பவளே நான்தான். அந்த நேரத்தில் அது தோன்றவில்லை. தரையில் உட்கார்ந்து சிரித்தேன், அழுதேன்.

மூச்சிரைக்க வந்த கணவர், "என்ன, குளிப்பாட்டுனதுல சூரியன் வெளுத்துருச்சா?" என்றார்.

"கறுத்துருச்சுப்பா" என்றாள் மகள். "அம்மா, ஓரத்துல இம்புட்டூண்டு ஒரு பொட்டு இருக்கு, பாரு."

மூக்குக்கண்ணாடி போட்டும் எனக்குத் தெரியவில்லை. அச்செடுத்தபோது அந்த இடத்தில் கடுகளவு கரும்புள்ளி இருந்தது. அவள் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அப்போதுதான் நம்பினேன்.

இன்றும் மாடியிலிருந்து அவள் கூப்பிட்டால் வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடுகிறேன். அதன்பின் காய்ந்த தகடு எதுவானாலும் முதலில் அவளிடம் கொடுத்துப் புள்ளிகளை எண்ணச் சொல்வேன். எண்ணி முடித்ததும், "விரலையும் காட்டும்மா, அதையும் எண்ணிட்டுப் போறேன்" என்பாள்.