ரொட்டி அடுப்பில் வெந்த எஞ்சின்

என் மைத்துனனின் வாடகைக் கார் விட்ட புகையைத் துறைமுகத்துக் கப்பல்கள்கூட விட்டதில்லை. அது சூலியா தெருவைத் தாண்டிவிட்டதா என்பதைப் படகுத்துறையில் நின்று வானத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். நான் கப்பல் கம்பெனியில் கிராணி, அதாவது குமாஸ்தா. மோட்டார் புத்தகம் ஒன்றையும் விடாமல் படிப்பவன். மோட்டார் வாங்க வக்கில்லாதவன். இப்படிப்பட்டவனுக்கு எஞ்சின் விஷயத்தில் இருக்கும் தைரியம் எந்த மெக்கானிக்குக்கும் வராது.

பிரித்துப் பார்த்தோம். எஞ்சினின் உடல், அதாவது பிளாக், முழுக்க அலுமினியம். பிஸ்டன் உரசுவதைத் தாங்க ஒவ்வொரு சிலிண்டர் துளைக்குள்ளும் ஓர் இரும்புக் குழாயைச் செருகியிருந்தார்கள். நான்கு குழாய்களும் தேய்ந்து, வட்டமாக இருக்க வேண்டியவை முட்டை வடிவில் இருந்தன. கார் விற்ற கடையில், பிளாக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, புதிதாகச் சீமையிலிருந்து கப்பலில் வரவழைக்கச் சொன்னார்கள். வரும்வரை பிழைப்புக்கு என்ன செய்வது? மைத்துனன் முன்பு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவன். அங்கே வெள்ளைக்காரத் துரையிடம் விறைப்பாகப் பேசிவிட்டு வெளியேறி இந்தக் காரைப் பிடித்தவன்.

"மறுபடியும் அந்தத் துரை முன்னால போயிக் கைகட்டி நிக்கணுமா மாமா? அதுக்குக் கடல்லயே குதிச்சிரலாம்."

"குதிக்கிறதை அப்புறம் பாக்கலாம். குழாயை மாத்துவோம்," என்றேன், தினமும் காலையில் நாலு குழாய் மாற்றிவிட்டுத்தான் ஆபீசுக்குப் போகிறவனைப் போல.

ஜெலுத்தோங்கில் ஒரு சீனர் பட்டறையில் பழைய குழாய்களைக் குடைந்தெடுத்துவிட்டு, புதுக் குழாய்கள் கடைந்து வாங்கினோம். துளையைவிடக் குழாய் ஒரு மயிரிழை பருமன். அப்படித்தான் இருக்க வேண்டும். பிளாக்கைச் சுட்டால் துளை விரியும். குழாயை ஐஸில் போட்டால் சுருங்கும். அந்த நேரத்தில் உள்ளே இறக்கிவிட்டால், இரண்டும் பழைய நிலைக்கு வரும்போது அலுமினியம் குழாயை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஒரு தும்மல் போடும் நேரம்தான் கிடைக்கும். பாதியில் மாட்டினால் மேலும் வராது, கீழும் போகாது. பட்டறை உலையில் சுட்டால் ஒரு பக்கம் மட்டும் காய்ந்து பிளாக் வெடித்துவிடும். எல்லாப் பக்கமும் ஒரே சூடு வேண்டும். யோசித்துப் பார்த்ததில், ஊரில் அப்படிப்பட்ட இடம் ரொட்டி அடுப்புதான்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ரொட்டிக்கடை வைத்திருந்த பாய் இராமநாதபுரத்துக்காரர். அவருடைய ரொட்டி விடியற்காலையில் ஆயர் ஈத்தாமுக்குப் போவது மைத்துனனின் காரில்தான். அதனால் மறுக்கவும் முடியவில்லை, ஒப்பவும் மனம் வரவில்லை.

"கிராணியாரே, இது ரொட்டி வேகுற அடுப்பு லா! எண்ணெய்ப் பிசுக்கு ஒரு சொட்டு இருந்தாலும் எம் பேரு நாறிப்போயிரும்."

மண்ணெண்ணெயிலும் பிறகு சவுக்காரத்திலும் பிளாக்கைத் தேய்த்துக் கழுவிக் கொண்டுபோனோம். பாய் அதை நான்கு பக்கமும் மோந்து பார்த்துவிட்டு உள்ளே விட்டார். என் புத்தகத்தில் சூட்டின் அளவு எண்ணாக இருந்தது. அடுப்பில் எண் பார்க்கும் கருவி ஏதுமில்லை. அவர் ஒரு பிடி மாவை அடுப்புக்குள் வீசினார். மாவு பழுப்பேறியதும், "உங்க புத்தகத்துச் சூடு இதான்," என்றார். நானும் ஆமோதித்தேன். வேறென்ன செய்ய?

உப்புக் கலந்த ஐஸ் தொட்டியில் குழாய்கள் கிடந்தன. பிளாக் வெளியே வந்ததும் நான் கப்பல் கேப்டன் போல் கை நீட்டினேன். மைத்துனன் முதல் குழாயைத் துடைத்துக் கொடுத்தான். துளைக்கு மேல் நேராகப் பிடித்து விட்டேன். குழாய் பாதிவரை வழுக்கிக்கொண்டு போய், அப்படியே நின்றுவிட்டது. அழுத்தினேன், அசையவில்லை.

அப்போதுதான் ஒரு வாசனை எழுந்தது. எஞ்சினிலிருந்து சந்தன மணம்.

"டேய், என்னடா பண்ணினே?"

"முதல் குழாய் மாமா... சும்மா எப்படி வைக்கிறது? சந்தனம் வச்சு, மேல லேசாக் குங்குமப் பொட்டு..."

"எங்கே வச்சே?"

"வெளிப்பக்கம்தான். உள்ள பிஸ்டன் போகுமே."

மயிரிழைக்குக் கணக்குப் பார்த்த இடத்தில் மூன்று சந்தனப் பொட்டுகள். ஐஸ் குளிரில் அவை உறைந்து கல்லாகியிருந்தன. பூசை போடாமல் புது இரும்பைத் தொடாத குடும்பத்தில் பெண் எடுத்தவன் நான். இதை எதிர்பார்த்திருக்க வேண்டும்.

"நல்லவேளை, கற்பூரம் காட்டலை," என்றார் பாய்.

பயப்படத் தேவையில்லை என்று எனக்குத் தெரியும். சூட்டில் அலுமினியம் இரும்பைவிட இரண்டு பங்கு விரியும். இரண்டையும் சேர்த்துச் சுட்டாலும் துளைதான் முந்திக்கொள்ளும். "திரும்ப அடுப்பிலே வையுங்க. தானா விட்டுக்கொடுக்கும்," என்றேன்.

"சாயந்தரத்து மாவு பொங்கி நிக்குது! உங்க எஞ்சினுக்காகக் காத்திருக்குமா?"

"சேர்த்தே வையுங்களேன். ரெண்டும் வேகட்டும்."

பாய் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. ஆனாலும் பிளாக்கைப் பின்பக்கம் தள்ளி, முன்னால் ரொட்டியை அடுக்கினார். மைத்துனன் மாவு மூட்டைமேல் உட்கார்ந்து அடுப்பு வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குள் துரைக்கு மன்னிப்புக் கடிதத்தையே மனத்தில் எழுதி முடித்திருப்பான்.

ரொட்டி வெந்து வந்தது. பின்னாலேயே பிளாக். கவிழ்த்து மரச்சுத்தியால் இரண்டு தட்டு தட்டினேன். குழாய் கீழே விழுந்தது. துளையிலும் குழாயிலும் ஒட்டியிருந்த சந்தனத்தைச் சுரண்டித் துடைத்தோம். பிளாக் திரும்ப அடுப்புக்கும், குழாய் ஐஸ் தொட்டிக்கும் போயின. இந்த முறை மைத்துனனின் இரண்டு கைகளையும் என் கண்ணுக்கு எதிரிலேயே வைத்திருக்கச் சொன்னேன். குழாயை நேராகப் பிடித்து விட்டேன். 'டொக்' என்று அடியில் போய் உட்கார்ந்தது. இரண்டாவது, மூன்றாவது, நான்காவதும் அப்படியே.

பிளாக் ஆறும்வரை காத்திருந்தோம். ஆறியதும் மைத்துனன் முதல் குழாய்க்குள் விரல்களை விட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு திருகினான். பிறகு அடுத்தது. நான்கையும் திருகிப் பார்த்தான்.

"அசையல மாமா," என்றான்.

அதையே பாயிடம் போய்ச் சொன்னான். ரொட்டி வாங்க வந்த முன்பின் தெரியாத ஒரு மலாய்க்கார அம்மாளிடமும் சொன்னான். அந்த அம்மாள், நல்ல செய்திதான் போலிருக்கிறது என்று தலையாட்டிவிட்டு, ரொட்டியை வாங்கிக்கொண்டு போனார்.