நீராவி பட்ட கிட்டார்

பாண்டித்துரை அண்ணனுக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது, ஒரு பாட்டுக்கூட. ஆனால் 2006-ல் திருப்பூர்க் கல்யாண மண்டபங்களில் வாசித்துக்கொண்டிருந்த நாலைந்து மலிவான எலெக்ட்ரிக் கிட்டார்கள் ஒழுங்காகப் பேசியதற்கு அவர்தான் காரணம். முதலிபாளையம் பக்கம் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டில் அடுத்த கதவு அவருடையது. வாரம் முழுக்க ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுக்குள் யாருடைய கிட்டாராவது வயிறு திறந்து கிடக்கும்.

அண்ணன் உசிலம்பட்டியிலிருந்து வந்த புதிதில் அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த ராஜபாண்டி, இசைக்குழுவில் வாசித்தவர். ஊருக்குப் போனபோது, இனி தேறாது என்று தன் கிட்டாரை அறையிலேயே விட்டுவிட்டார். ஏன் தேறாது என்று பார்க்கத்தான் அண்ணன் முதலில் அதைப் பிரித்தார். அப்புறம் நிறுத்த முடியவில்லை. துருப்பிடித்த முறுக்காணிகளை மாற்றுவார். கரகரக்கும் வால்யூம் திருகைக் கழற்றிச் சுத்தம் செய்வார். கம்பியின் ஒலியை வாங்கும் பிக்கப் செத்துப்போனால், மனைவி அபிராமி அக்காவின் தையல் மெஷினில் பாபின் சுற்றும் இடத்தில் அதை மாட்டி, முடியைவிட மெல்லிய செம்புக் கம்பியைப் புதிதாகச் சுற்றுவார். கம்பி நாலு தடவை அறும். "கட்டுன பொண்டாட்டிக்கு ஒரு ஜாக்கெட் தைக்க மெஷின் சும்மா இருக்காது. ஊரான் கிட்டாருக்கு இருக்கும்" என்பார் அக்கா, தன் கணவருடைய ஊர்ப்பேச்சிலேயே.

அந்த வருடம் நான் இயற்பியலில் பட்டம் வாங்கியிருந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். வேலை கிடைக்கவில்லை. போன ஒவ்வொரு நேர்காணலிலிருந்தும் என்னிடம் என்ன குறை என்று யோசித்துக்கொண்டேதான் பஸ் ஏறுவேன். எங்கள் கிறிஸ்தவ சபையின் வாலிபர் சங்கம் பழைய சீனக் கிட்டார் ஒன்றை வாங்கியபோது, கற்றுக்கொள்கிறேன் என்று நான்தான் கேட்டு வாங்கினேன். ஆறு மாதம் ஆகியும் ஒரு பாட்டு முழுசாக வரவில்லை. விரல் நுனி வீங்கியதுதான் மிச்சம். சங்கத்தின் செயலாளர் பிரதீப் அண்ணன் பொறுமைசாலி. அவரே கடைசியில் சொல்லிவிட்டார்.

"அறுப்பின் பண்டிகையன்னிக்கு ஒரு பாட்டு வாசிச்சிரு கண்ணு. முடியாட்டிப் பரவாயில்ல, சாமளாபுரத்துல ஒரு பையன் கேட்டுட்டிருக்கான். அவனுக்குக் குடுத்தர்லாம்."

முடியாது என்று நான் அப்போதே முடிவு செய்திருந்தேன். பண்டிகைக்கு முந்தின ஞாயிறு, திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது அண்ணன் வாசலில் நின்றார்.

"எங்கிட்டுக் கெளம்பிட்ட பாப்பா?"

"குடுத்தர்லாம்னு போறனுங்ணா. எனக்கு வரலீங்க."

"ஆறு மாசமா செவுத்துக்கு இந்தப் பக்கம் கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன். நீ அமுக்குற எடம் சரியாத்தான் இருக்கு. கேக்காம எடுக்கக் கூடாதேன்னு சும்மா இருந்தேன். குடு இங்கிட்டு."

கட்டிங் மேசையில் பயன்படுத்தும் நீள இரும்பு ஸ்கேலைக் கிட்டாரின் கழுத்தின் மேல் வைத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். நடுவில் இரண்டு நாணயம் நுழையும் இடைவெளியில் வெளிச்சம் வந்தது. கழுத்து வில்லாக வளைந்திருந்தது. அதனால் கம்பிகள் பலகையைவிட்டு வெகு உயரத்தில் நின்றன. அழுத்த அழுத்த விரல் வீங்கியது அதனால்தான்.

இழுத்துக் கட்டிய கம்பி எப்படி அதிர்கிறது என்று பத்து மதிப்பெண்ணுக்குச் சூத்திரத்தோடு எழுதியவள் நான். ஆறு மாதத்தில் ஒரு தடவைகூடக் குனிந்து அந்த உயரத்தைப் பார்க்கவில்லை. என் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கழுத்துக்குள் ஓர் இரும்புத் தண்டு ஓடும், அதை முறுக்கினால் வளைவு நிமிரும் என்றார். முறுக்கினார். தண்டின் முனையிலிருந்த திருகாணி சும்மா சுற்றியது. சரி, சூடு காட்டி நிமிர்த்துவோம் என்று நாலு திருகுகளைக் கழற்றிக் கழுத்தைத் தனியே எடுத்தார். வெளியிலிருந்து துணி வாங்கித் தேய்த்துக் கொடுக்கும் ஜாப் வேலைக்காக வீட்டில் ஒரு பழைய ஸ்டீம் அயர்ன் வைத்திருந்தார். ஆவிக்கான தண்ணீர் பாட்டில் உத்தரத்தில் தொங்கும். கழுத்தின் மேல் துணியை விரித்து, இரண்டு முனையிலும் எடை வைத்து, பெட்டியை மெதுவாக ஓட்டினார். சூடு மட்டும்தான் காட்ட வேண்டும். ஆனால் பத்து வருடமாக ஒவ்வொரு இழுப்புக்கும் ஆவிப் பொத்தானை அமுக்கிய கட்டைவிரல் அது. தானாகவே அமுக்கியது. புஸ்ஸென்று ஆவி இறங்கியது. அவர் சுதாரித்துக் கையை எடுப்பதற்குள் இன்னொரு முறை.

துணியை விலக்கினால், விரல் வைக்கும் பலகை கழுத்தை விட்டுப் பாதி கழன்று நின்றது.

"போச்சுங்ணா" என்றேன்.

அவர் மீதிப் பலகையையும் மெதுவாகப் பிரித்து எடுத்தார். உள்ளே பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். இரும்புத் தண்டின் ஒரு முனை அதற்கான பள்ளத்தில் உட்காராமல் கிடந்தது. செய்த நாளிலிருந்தே அப்படி. எத்தனை முறுக்கினாலும் அது எதையும் இழுத்திருக்காது.

"இனி சரியா வெச்சு ஒட்டிரலாம்" என்றவர், உடனே சட்டையை மாட்டினார். "வா, சங்கத்துக்காரர்ட்ட சொல்லிட்டு வந்துருவோம்."

"ஒட்டி வெச்சுட்டா ஆருக்குங்ணா தெரியும்?"

"உனக்குத் தெரியும்ல. அத நெனச்சுக்கிட்டே வாசிப்ப, பாட்டுத் தப்பும்."

அயர்ன் மேசையில் ஒரு பீஸ் கருகிவிட்டால், அதைப் பண்டலுக்குள் செருகக் கூடாது. மேசை மேல் எல்லோர் கண்ணிலும் படும்படி விரித்துப் போட வேண்டும். அது அயர்ன் மாஸ்டர்களுக்குள் இருக்கும் வழக்கம். தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங்கில் இருந்த என் அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அன்று கழுத்து ஒரு கையிலும் பலகை ஒரு கையிலுமாக அவர் பிரதீப் அண்ணன் வாசலில் போய் நின்றபோதுதான் அதைக் கண்ணால் பார்த்தேன்.

"ஏனுங்க, இது சபைச் சொத்துங்க" என்றார் பிரதீப் அண்ணன். குரல் ஏறவில்லை. முகம்தான் சிவந்தது.

"அதேன் கொண்டாந்து காட்டுறேங்க. இந்தப் பிள்ள மேல தப்பில்ல. நாந்தேன் ஆவிய விட்டேன்."

"அடுத்த ஞாயித்துக்கெழம பண்டிகைங்க."

"வெள்ளிக்கெழம வந்து பாருங்க. தேறலன்னா வேற கழுத்து நானே வாங்கி மாட்டுறேன்."

ஈரம் இழுக்க இரண்டு நாள் விசிறிக்கடியில் வைத்தார். செவ்வாய் மாலை தண்டைப் பள்ளத்தில் சரியாக உட்கார வைத்து, மரப்பசை தடவி, கட்டிங் மேசையில் துணி நகராமல் பிடிக்கும் கிளாம்ப்புகளைக் கேட்டு வாங்கி வந்து வரிசையாக இறுக்கினார். வியாழக்கிழமை பிரித்தபோது கழுத்து நேராக நின்றது. ஸ்கேலில் எமரித் தாளை ஒட்டி, பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளைச் சமமாகத் தேய்த்தார். உடைந்த நிட்டிங் ஊசியில் எமரியைச் சுற்றி, கம்பிகள் உட்காரும் காடிகளை ஆழமாக்கினார்.

கம்பி மாட்டியதும் ஒரு சங்கடம். கீழே சரியாகப் பேசிய கம்பி, மேலே போகப் போகச் சுருதி விலகியது. அண்ணன் காதை வைத்து வைத்துப் பார்த்தார், பிடிபடவில்லை. அப்போதுதான் எனக்குக் கல்லூரி ஆய்வகத்தில் கம்பியின் அதிர்வை அளக்கும் சோனாமீட்டர் ஞாபகம் வந்தது. கம்பியின் நீளத்தைப் பாதியாக்கினால் அதே சுரம் மேல் ஸ்தாயியில் வரும். பன்னிரண்டாவது கட்டை சரிபாதி. அங்கே அழுத்தினால் வரும் ஒலியும், சும்மா தொட்டு மீட்டினால் வரும் ஒலியும் ஒன்றாகும்வரை, கம்பி தாங்கும் அடிப்பகுதியை நகர்த்த வேண்டும் என்றேன். சொல்லும்போதே தப்போ என்று பயம். அவர் திருகினார், நான் கேட்டேன். ஆறு கம்பிக்கும் ஒரு மணி நேரம். ஆறும் சுருதியில் நின்றன.

"இத்தன வருசம் குத்துமதிப்பாத்தேன் வெச்சிருக்கேன்" என்றார். "இதெல்லாம் காலேஜுல சொல்லிக் குடுக்குறாய்ங்களா?"

"ஆமாங்ணா."

"அப்புறம் எதுக்கு ஒண்ணும் தெரியாத மாதிரியே உக்காந்திருக்க?"

அதற்குப் பிறகு நான் போன ஒவ்வொரு நேர்காணலிலும் அந்தக் கேள்விதான் காதில் கேட்டது.

வெள்ளிக்கிழமை பிரதீப் அண்ணன் வந்து, கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "ம்" என்று மட்டும் சொல்லிப் போனார். கம்பிகள் விரலுக்கு அடங்கின. ஆறு மாதம் உயரக் கம்பியோடு மல்லுக்கட்டிய விரல்கள் பண்டிகைக்கு மீதியிருந்த இரண்டு நாளில் பாட்டைப் பிடித்துக்கொண்டன.

பண்டிகையன்று ஆராதனை முடிந்து, ஆலய வளாகத்தில் காணிக்கையாக வந்த விளைபொருட்களின் ஏலம். ஏலத்துக்கு நடுவே வாலிபர் பாட்டு. பந்தலின் ஓரத்தில், தேங்காய்க் குவியலுக்குப் பக்கத்தில், அண்ணனும் அக்காவும் நின்றார்கள். நான் மூன்று சரணமும் வாசித்தேன். இரண்டாவதில் ஒரு இடம் தவறியது, உடனே பிடித்துக்கொண்டேன். முடிந்ததும் பிரதீப் அண்ணன் மைக்கை எடுத்து, "கிட்டார் பிரிசில்லாகிட்டயே இருக்கட்டும்" என்றார்.

இறங்கி வந்தபோது பாண்டித்துரை அண்ணன் ஒரு பெரிய பூசணிக்காயை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். நன்றி சொல்ல வாயெடுத்த என்னை அபிராமி அக்கா முந்திக்கொண்டார்.

"நீ முடிச்சியா, இவரு சந்தோசத்துல கையத் தூக்கிட்டாரு. ஏலம் விடுறவரு, இவரு ஏலம் கேக்குறாருன்னு நெனச்சு இவரு தலையில கட்டிட்டாரு."

"நல்ல காய்தேன்" என்றார் அண்ணன், அதைத் தட்டிப் பார்த்தபடி. "பாதி உங்க வீட்டுக்கு எடுத்துக்க பாப்பா."