கூர் மூக்குத் தோட்டா ஆகாது என்ற ஏழுமலை அண்ணன்

ஏழுமலை அண்ணன் இறந்துவிட்டார். நேற்று மதியம், கிண்டியில், ஷூட்டிங் ஸ்பாட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில்... ஆட்டோவில்.

ஆட்டோவில்! ஸ்பாட்டில் மூன்று கார் நின்றிருந்தது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சினிமாவுக்கு டம்மி துப்பாக்கி, டம்மி தோட்டா செய்து கொடுப்பவர். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறை. படத்தில் ஹீரோ ஸ்டைலாகத் தோட்டா போடுவாரே, அதன் பின்னால் இப்படி ஒருத்தர் இருப்பார். டைட்டிலில் பேர் வராது.

நான்கு வருஷம் முன்னால் நான் உதவி இயக்குநராக இருந்த கௌபாய் படத்துக்கு அவர்தான் ரைஃபிள் செய்தார். விசைக்குக் கீழே ஒரு லீவர் இருக்கும். அதை இறக்கி ஏற்றினால் பழைய தோட்டா வெளியே தெறிக்கும், புதுசு உள்ளே ஏறும்.

டம்மிதான், மருந்து கிடையாது. ஆனால் க்ளோசப்பில் அந்த லீவர் சிக்காமல் ஓட வேண்டும். எந்தத் தோட்டா சரிப்படும் என்று பார்க்க அவர் பட்டறைக்குப் போனேன்.

ஈயத்தில் வார்த்த மூன்று தினுசு தோட்டாக்களை ஒரு டர்க்கி டவலில் பரப்பி வைத்திருந்தார். ஒன்று கூர் மூக்கு, நல்ல பளபளப்பு. எனக்கு அதுதான் பிடித்தது.

"அது ஆவாதும்மா" என்றார். "இந்தத் துப்பாக்கில தோட்டா எல்லாம் குழாய்க்குள்ள ஒன்னு பின்னாடி ஒன்னு படுத்துகினு இருக்கும். நெஜத் தோட்டான்னா பின்னாடி கீற கூர் மூக்கு முன்னாடி கீறதோட அடியில குத்தி உள்ளயே வெடிச்சிடும்."

"இது டம்மிதானே அண்ணா?"

"டம்மியா இருந்தாலும் நான் போட மாட்டேன். நீளமும் ஜாஸ்தி, ஏறும்போது மாட்டிக்கும்."

இரண்டாவது தினுசு அளவு சரி, ஆனால் மூக்குக்குக் கீழே இருக்கிற தோள் சதுரமாக வெட்டினது மாதிரி இருந்தது. ஏழாவது தடவை லீவரை இழுத்தபோது அந்தத் தோள் சுடுகுழலின் பின்வாயில் இடித்து நின்றது. அதை டவலிலிருந்து ஓரமாக ஒதுக்கினார்.

மூன்றாவதற்கு மூக்கு தட்டை, பக்கங்கள் உருண்டை. அதை நூறு தடவை இழுத்துப் பார்த்தார். எண்ணினது நான்தான். ஒரு தடவைகூட சிக்கவில்லை.

"பாக்க லட்சணமா இல்லதான்... ஆனா ஓடும்" என்று சிரித்தார்.

ஷூட்டிங் அன்று ஹீரோவுக்கு அந்த லட்சணம்தான் பிரச்சினை. "என்ன சார் இது, மொக்கையா இருக்கு?" என்றார். உடனே புரொடக்‌ஷன் மேனேஜர் கூர் மூக்குப் பெட்டியை எங்கிருந்தோ கொண்டுவந்து ரைஃபிளில் நிரப்பினார். ஏழுமலை அண்ணன் அப்போது சாப்பிடப் போயிருந்தார்.

மூன்று தோட்டா ஏறுவதற்குள் லீவர் சிக்கியது. இரண்டாவது டேக்கிலும் அதே. ஹீரோ ரைஃபிளைத் தரையில் வீசிவிட்டு கேரவனுக்குப் போனார்.

டைரக்டர் முழு யூனிட் முன்னாலும் ஏழுமலை அண்ணனைத் திட்டினார். "ஒரு துப்பாக்கி ஒழுங்கா செய்யத் தெரியாதாய்யா உனக்கு?" மேனேஜரும் பக்கத்தில் நின்று தலையாட்டினார். தோட்டாவை மாற்றின அதே மேனேஜர்!

யார் மாற்றியது என்று எனக்குத் தெரியும். என் கையில் இருந்த நோட்டில்கூட எழுதி வைத்திருந்தேன்.

நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது முதல் படம்... சரி, அது ஒரு காரணமா?

அவர் யாரோடும் சண்டை போடவில்லை. ரைஃபிளை எடுத்து மண்ணைத் துடைத்துவிட்டு, "இத்த ஏன் சார் கீழ போட்டாரு?" என்று மட்டும் கேட்டார். அன்று மாலையே அவரை அனுப்பிவிட்டார்கள்.

இப்போது அந்தப் படத்துக்கு இரண்டாம் பாகம். வேறு யாரோ தோட்டா செய்து, மூன்று நாளாக லீவர் சிக்கி, கடைசியில் அதே மேனேஜர் ஏழுமலை அண்ணனுக்கு போன் போட்டிருக்கிறார்.

எனக்கு விஷயம் தெரிந்து, போகாதீங்கண்ணா என்று கெஞ்சினேன். "அவங்களுக்காகவா போறேன்? துப்பாக்கி இன்னா பண்ணுச்சு பாவம், அத்தப் பாக்கத்தான் போறேன்" என்றார்.

நேற்று காலை போய்ச் சரிசெய்து கொடுத்தார். க்ளோசப் ஒரே டேக்கில் ஓகே. அதன் பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

கூட இருந்த லைட்மேன் போனில் அழுதுகொண்டே சொன்னார். "வண்டி சும்மாத்தான் நின்னுகினு இருந்துச்சு மேடம். ஹீரோ சார் எப்ப வேணா கிளம்புவாரு, எடுக்கக் கூடாதுன்ட்டாரு மேனேஜரு. நான்தான் ரோட்டுக்கு ஓடிப்போய் ஆட்டோ புடிச்சேன்."

சார் சாயந்திரம் வரை கிளம்பவே இல்லையாம்.

இன்று காலை கம்பெனியின் ஃபேஸ்புக் பக்கத்தில் அஞ்சலி போஸ்டர். "எங்கள் குடும்பத்தில் ஒருவர்." போட்டோவில் ஹீரோ ரைஃபிளோடு நிற்கிறார்... ஓரத்தில் ஏழுமலை அண்ணனின் பாதி முகம். ஒரு முழு போட்டோ கிடைக்கவில்லையா உங்களுக்கு?

கீழே ஆயிரக்கணக்கில் கைகூப்பும் எமோஜி. வெட்கமாக இல்லையா?

ஈக்காட்டுத்தாங்கலில் அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்துதான் இதை டைப் செய்கிறேன். கொஞ்ச நேரம் முன்னால் அவர் மனைவி தனலட்சுமி அக்காவிடம் போய், அன்று தோட்டாவை மாற்றியது யார், நான் எப்படி வாயை மூடிக்கொண்டு நின்றேன், எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்கா என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "தெரியும்மா. அன்னைக்கே வந்து சொன்னாரு. அந்தப் பொண்ணுக்குத் தெரியும், பயந்துகினு நின்னுச்சு, அத்த இன்னா சொல்றதுன்னாரு" என்றார்.

நான்கு வருஷம்... எத்தனை தடவை பேசியிருப்போம். ஒரு வார்த்தை கேட்கவில்லையே அண்ணா நீங்கள்.

நாலு மணிக்கு எடுக்கிறார்கள். மேனேஜர் மாலையோடு வந்துகொண்டிருக்கிறாராம். வரட்டும், நான் இங்கேதான் இருப்பேன்.

போய் வாங்கண்ணா.