ஓரெஸ்ட் கூசிக்கின் கட்டைவிரல்

எங்கள் வெஸ்கோட் ஊரில் ஓரெஸ்ட் கூசிக்கைத் தெரியாத வீடு கிடையாது. பாதி வீடுகளுக்கு அவன் ஃபுட்பால்காரன். மீதி வீடுகளுக்குக் குளிர்காலத்தில் நின்றுபோன ஹீட்டரைச் சரிசெய்ய வந்து, நிலவறைப் படிக்கட்டில் சிக்கிக்கொண்டவன். அவ்வளவு பெரிய உடம்பு. குரல் மட்டும் கடன் வாங்கியது போல இருக்கும். பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் "ம்" என்பான். அந்த ஒரு "ம்"மை நாங்கள் பார்த்து, பிரித்து, அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஃபுட்பால் என்று நான் சொல்வது, இரண்டு முனையும் கூராக இருக்கும் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு முட்டி மோதி ஓடும் எங்கள் ஆட்டத்தை. அதில் ஓரெஸ்ட் நடு ஆள். குனிந்து நின்று, தரையில் இருக்கும் பந்தைத் தன் கால் இடுக்கு வழியாகப் பின்னால் நிற்பவனுக்கு அனுப்ப வேண்டும். அனுப்பிய நொடியே எதிரே பாய்ந்து வரும் தடியனை மார்பால் தாங்க வேண்டும். பதினோரு வருஷம் பேட்ஜர்ஸ் அணிக்கு இதைச் செய்தான். பந்து ஒருமுறைகூடக் கோணலாகப் போனதில்லை. அதனாலேயே களத்தில் யாரும் அவனைக் கவனித்ததும் இல்லை.

கவனித்தது ஜூலையில், அவனுடைய வலது கட்டைவிரல் உடைந்தபோதுதான். உடைந்த பிறகும் வாயைத் திறக்காமல் ஆடியிருக்கிறான். அடுத்த பந்து சோப்புக்கட்டி போல வழுக்கிக்கொண்டு போன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அணி அவனை ஆறு ஆட்டக் காயப் பட்டியலில் போட்டது.

மறுநாள் காலை எங்கள் ஊர் வானொலியில் தொலைபேசி ஓயவில்லை. பண்ணையிலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டார். அவர் குரல் தகர டப்பாவில் கல்லைப் போட்டு ஆட்டியது போல இருந்தது. "என் வீட்டுக்காரருக்கு அறுவடை மிஷின்ல ஒரு விரலே போயிடுச்சு. கட்டுப் போட்டுட்டு அன்னைக்கே மிச்ச கோதுமையையும் அறுத்து முடிச்சாரு. இந்தப் பையனுக்கு ஒரு கட்டைவிரலுக்கு ஆறு ஆட்டம் லீவா?"

அதைக் கேட்டு ஓரெஸ்ட் ரேடியோவை அணைத்தான். அணைத்தது இடது கையால். வலது கையால் அணைக்க முடியவில்லை என்பதே அவனுக்குப் பெரிய அவமானம்.

அன்று மாலை அணியின் மேலாளர் டட்டில் அவன் வீட்டுக்கு வந்தார். டட்டில் எதையும் ரகசியமாகத்தான் சொல்வார். மழை பெய்கிறது என்பதைக்கூடக் கதவைச் சாத்திவிட்டுத்தான் சொல்வார். ஓரெஸ்டின் மனைவி மார்னி, உருளைக்கிழங்கு அடைத்த கொழுக்கட்டையான பெரோகியை ஒரு பெரிய தட்டில் குவித்து வைத்திருந்தாள். மேஜையின் மறுபக்கத்தில் ஏட்டியென் போல்டுக் உட்கார்ந்திருந்தான். பிரெஞ்சு பேசும் கியூபெக்கிலிருந்து வந்தவன். பயிற்சிப் பட்டியலில் இருப்பவன். அப்படியென்றால் வாரமெல்லாம் மற்றவர்களிடம் முட்டு வாங்க வேண்டும், ஆட்ட நாளன்று சாதாரண உடையில் ஓரமாக நிற்க வேண்டும், சம்பளம் வாடகைக்குப் போதாது. அதனால் ஓரெஸ்ட் வீட்டு நிலவறையில்தான் குடியிருந்தான். வாடகை இல்லை. சாப்பாட்டுக்கு அளவும் இல்லை. அவனும் நடு ஆள்தான்.

ஓரெஸ்ட் நாலு வாரத்தில் திரும்பி வந்துவிடுவேன் என்றான். டட்டில் பதறிப்போய்த் தட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

"இந்தத் தட்டுதான் சம்பள உச்சவரம்புன்னு வச்சுக்க. லீக் குடுத்த தட்டு. இதுக்கு மேல ஒண்ணு வச்சாலும் அபராதம். நம்ம தட்டு ஏற்கெனவே விளிம்பு வரைக்கும் இருக்கு." நாலு பெரோகியை எடுத்துத் தயிர்க் கிண்ணத்தில் போட்டார். "இது உன் சம்பளம். ஆறு ஆட்டமும் நீ முழுசா காயப் பட்டியல்ல இருந்தா, உனக்குக் காசு வரும், ஆனா தட்டுக்கணக்குல வராது. அந்த இடத்துலதான் இவனை மேல ஏத்தப் போறேன். ஆறும் முடிஞ்சா மிச்சப்பட்ட இடத்துலயே சீசன் முடியற வரைக்கும் இவனை வச்சுக்கலாம். நீயும் ஆடலாம், இவனும் இருப்பான்."

"அஞ்சாவது ஆட்டத்துலயே வந்துட்டா?" என்று மார்னி கேட்டாள்.

டட்டில் கிண்ணத்திலிருந்த நாலையும் திரும்பத் தட்டில் கொட்டினார். "முதல் நாள்லேருந்து எல்லாமே கணக்குல ஏறிடும். தட்டு வழியும். ஒருத்தனை வெளிய அனுப்பணும்."

போல்டுக் தயிரில் நனைந்த பெரோகியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். அவனுக்கு எங்கள் பேச்சு அப்போதுதான் படிந்துகொண்டிருந்தது. "அண்ணே, நான் ஊருக்குப் போறது... பரவாயில்ல," என்றான். "அப்பா பால் பண்ணை. மாடு என்னைத் திட்டாது."

ஓரெஸ்ட் அவனைப் பார்த்தான். தட்டைப் பார்த்தான். "ம்," என்றான்.

இந்த முறை அதற்கு அர்த்தம்: ஆறு.

அந்த ஆறு ஆட்டங்களில் ஓரெஸ்ட் பட்ட பாட்டை மார்னிதான் சொல்ல வேண்டும். சும்மா இருக்கத் தெரியாத மனுஷன். இடது கையாலேயே பக்கத்து வீட்டு வேலிக்குப் பெயின்ட் அடித்தான். வேண்டாம் வேண்டாம் என்று கத்திக்கொண்டிருந்த பாதிரியாரின் அலமாரியைத் தோளில் தூக்கி மாடிக்குக் கொண்டுபோய் வைத்தான். ஊர் பார்த்தது. கட்டைவிரல் கேலி பெருகியது. கடையில் காபி வாங்கப் போனால், கோப்பையைத் தூக்க ஆள் வேண்டுமா என்று கேட்டார்கள். அவன் எவருக்கும் பதில் சொல்லவில்லை. பதில் சொன்னால் தட்டு, தயிர் என்று ஆரம்பிக்க வேண்டும்.

போல்டுக்கோ களத்தில் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தான். அவன் ஆடிய முதல் நாலு ஆட்டத்தில் மூன்றை ஜெயித்தோம். அவன் அம்மா கியூபெக்கிலிருந்து வாரம் தவறாமல் சீஸ் அனுப்பினாள். அது வந்த நாட்களில் தபால்காரர் நாற்றம் தாங்காமல் எங்கள் தெரு வரும்வரை வண்டிக் கண்ணாடியை இறக்கியே வைத்திருந்தார்.

ஐந்தாவது ஆட்டம் முடிந்த மறுநாள் பெருமழை. எங்கள் பக்கத்து மண் நனைந்தால் பசைதான். ஊருக்கு வெளியே ஒரு கார் சாலையோரப் பள்ளத்தில் இறங்கிச் சாய்ந்து கிடந்தது. இங்கே ஒரு வழக்கம் உண்டு. பள்ளத்தில் கிடக்கும் வண்டியைத் தாண்டிக்கொண்டு யாரும் போக மாட்டார்கள். கல்யாணத்துக்குப் போகிற மாப்பிள்ளையானாலும் இறங்கித் தள்ளிவிட்டுத்தான் போக வேண்டும். ஓரெஸ்ட் இறங்கினான். முதுகைக் கொடுத்து, முழங்கால்வரை சேற்றில் நின்று, காரை ஒரே மூச்சில் சாலைக்கு ஏற்றினான். வண்டிக்காரர் பக்கத்து மாகாணமான மனிடோபாவிலிருந்து வந்தவர். எங்கள் பரம வைரிகளான கிரேன்ஸ் அணியின் நீலச் சட்டை போட்டிருந்தார். நன்றி தாங்கவில்லை அவருக்கு. அவன் தள்ளுவதை அவர் மனைவி படம் பிடித்திருந்தாள். 'எங்கள் விரோதி அணிக்காரர், எவ்வளவு நல்ல மனிதர் பாருங்கள்' என்று எழுதி, அன்றைக்கே இணையத்தில் உலகத்துக்குக் காட்டிவிட்டார்கள்.

உலகம் பார்த்தது. கிரேன்ஸ் அணி அலுவலகமும் பார்த்தது. காரைத் தூக்குகிறவனுக்குக் காயமா, சம்பளத்தை ஒளித்துவைக்கப் போட்ட நாடகம் என்று லீக்குக்குப் புகார் போனது. அடுத்த ஆட்டமே, செப்டம்பரில் வரும் எங்கள் தொழிலாளர் தின வார இறுதியில் அவர்களோடுதான். ஆறாவது ஆட்டம்.

லீக் டொரான்டோவிலிருந்து டாக்டர் ஆக்டர்பர்க் என்ற அம்மாவை அனுப்பியது. ஒல்லியானவர். ஒவ்வொரு சொல்லையும் கையுறை போட்டுக்கொண்டு எடுத்து வைப்பவர். விரலை எக்ஸ்ரே எடுத்தார், அழுத்தினார், திருப்பினார். எலும்பு ஏறக்குறைய கூடிவிட்டது என்றார். டட்டில் அவசரமாகப் போய்க் கதவைச் சாத்தினார். பிறகு அந்த அம்மா ஓரெஸ்டைக் களத்துக்கு அழைத்துப்போய், பின்னால் ஓர் ஆளை நிறுத்தி, பந்தை அனுப்பச் சொன்னார். ஒழுங்காக அனுப்பினால் அவன் ஆடத் தகுதியானவன். அவன் தகுதியானவன் என்றால் போல்டுக் மாட்டுக்கொட்டகைக்கு.

வேலியோரம் பாதி ஊர் நின்றது. போல்டுக்கும் நின்றான். ஏற்கெனவே பெட்டியைக் கட்டிவிட்டதாக மார்னி சொன்னாள்.

வேண்டுமென்றே சொதப்புவான் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது. பதினோரு வருஷப் பெருமை அவன் கழுத்தைப் பிடித்துக் குனிய வைத்திருந்தது. குனிந்தான். பந்தைப் பிடித்தான். அனுப்பினான்.

பந்து பின்னால் நின்றவன் தலைக்கு மேலே போய், டட்டில் கையிலிருந்த காபியில் இறங்கியது.

வேலியோரம் ஒரே ஆரவாரம். ஓரெஸ்ட் காது வரை சிவந்தான். இரண்டாவது பந்து தரையில் கோழி போலத் தத்தித் தத்திப் போனது. இன்னும் பெரிய கைதட்டல். மூன்றாவதுக்கு டாக்டரம்மாவே ஓர் அடி நகர்ந்து நின்றுகொண்டார். அது அவர் முதலில் நின்ற இடத்தின் வழியாகத்தான் போனது. போதும் என்று அவர் கையைக் காட்டினார்.

ஓரெஸ்ட் நிமிரவில்லை. குனிந்தபடியே, கால் இடுக்கு வழியாக அவரைப் பார்த்துப் பேசினான். பதினோரு வருஷத்தில் அவன் பேசி நாங்கள் கேட்ட மிக நீளமான வசனம் அதுதான்.

"டாக்டர், இன்னும் ஒரே ஒரு தடவை. கை பிடிக்குது, விரல் மட்டும் விட மாட்டேங்குது. இப்ப சரியா போடுறேன் பாருங்க."

டட்டில் தன் தொப்பியைக் கடித்தார். மார்னி வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "ஓரெஸ்ட், உனக்குக் கடவுள் வாய் குடுக்காம இருந்ததே நல்லதுக்குத்தான்யா, மூடு," என்றாள்.

அவன் மூடவில்லை. நாலாவதையும் போட்டான். உயிரைக் கொடுத்துப் போட்டான். பந்து இடதுபக்கம் வளைந்து, பெஞ்சுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

டாக்டர் ஆக்டர்பர்க் அதைப் போய் எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தார். "நடிக்கிறவன் மூணோட எழுந்து போயிருப்பான், மிஸ்டர் கூசிக். கார் தள்ள முதுகு போதும். இதுக்கு விரல் வேணும், அது இன்னும் வரலை. இந்த ஆட்டத்துக்கும் நீங்க வெளியதான் உட்காரணும்."

ஊரே அவனைக் கட்டிப்பிடிக்க வேலியைத் தாண்டியது. அவன் மட்டும் தோற்றவன் போல நின்றான். போல்டுக் ஓடி வந்து அவன் முதுகில் ஏறித் தொங்கினான். இறக்கிவிடக்கூட அவனுக்கு மனசில்லை.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் நுழைந்தபோது எங்களுக்கே நம்ப முடியவில்லை. முப்பதாயிரம் பேரும் வலது கட்டைவிரலில் வெள்ளைத் துணி சுற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். குழந்தைகள், போலீஸ்காரர்கள், பாதிரியார், எல்லோரும். அந்தப் பண்ணை அம்மாவும் வந்திருந்தார். கூட வந்த அவர் வீட்டுக்காரர், அறுவடையில் போன விரலுக்குப் பக்கத்து விரலில் சுற்றியிருந்தார். பதினோரு வருஷம் யாரும் கவனிக்காத மனுஷன் சாதாரண உடையில் ஓரமாக வந்து நின்றதும் முப்பதாயிரம் வெள்ளைக் கட்டைவிரல்கள் ஒன்றாக உயர்ந்தன. ஓரெஸ்ட் என்ன செய்வதென்று தெரியாமல் தன் காலணியைப் பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்துத் தன் விரலையும் உயர்த்தினான். மைதானம் அதிர்ந்தது.

ஆட்டம் கடைசிவரை இழுபறி. கிரேன்ஸ் இரண்டு புள்ளி முன்னால். கடைசி உதைக்கு நேரம் இருந்தது, பந்து கம்பங்களுக்கு நடுவே போனால் மூன்று புள்ளி, ஆனால் காற்று எதிரே வீசியது. உதைக்கும் ஆளுக்குப் பந்து நேராகப் போய்ச் சேர வேண்டும். போல்டுக் குனிந்தான். ஓரமாக நின்ற ஓரெஸ்டும் தன்னை அறியாமல் குனிந்துவிட்டான். பந்து கயிறு கட்டி இழுத்தது போலப் போனது. உதை உயர்ந்தது, கம்பங்களுக்கு நடுவே விழுந்தது. ஜெயித்துவிட்டோம்.

கூச்சலுக்கு நடுவே டட்டில் போல்டுக்கைத் தேடிப் போனார். அன்றைக்குத்தான் அவர் வாழ்நாளில் முதல்முறையாக ரகசியமில்லாமல் கத்தினார். ஆறும் முடிந்தது, இடம் மிச்சம், சீசன் முடியும்வரை நீ இருக்கிறாய் என்று. போல்டுக் அங்கேயே புல்லில் உட்கார்ந்து அம்மாவுக்கு ஃபோன் போட்டான். பிரெஞ்சில் அவன் என்ன சொன்னானோ தெரியாது, மறுமுனையில் பாத்திரங்கள் விழும் சத்தம் எங்களுக்குக் கேட்டது.

அதிலிருந்து மூன்றாவது வாரம் விரல் முழுக்கக் கூடி ஓரெஸ்ட் களமிறங்கினான். போல்டுக்கை அவனுக்குப் பக்கத்து இடத்தில் நிறுத்தினார்கள். ஒலிபெருக்கியில் இரண்டு பேர் பெயரையும் அடுத்தடுத்து வாசித்தார்கள். முதல் பந்து நேராகப் போனது. ஊர் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது, ஒரு சாதாரணப் பந்துக்கு.