கிணற்றடியில் படர்ந்த கடிகாரப் பூக்கொடி

ஈரமான கடிகாரப் பூவின் வாசனை... அதோடு என் கையில் ஒட்டியிருக்கும் ஆஸ்பத்திரி லோஷன் வாசனை. அறுபதுகளின் தொடக்கத்தில், திண்டிவனத்தில், எனக்குக் காலை எட்டு மணி என்றால் இந்த இரண்டும்தான்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. சொந்த ஊர் வளவனூர் பக்கம். கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பெரும்பாலும் நைட் டியூட்டி. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருந்த ஒருவர் வீட்டில் ஒரு ரூம் வாடகைக்கு எடுத்திருந்தேன். அவர் மனைவி ராஜாம்பாள் அக்கா தங்கமான மனுஷி. ஆனால் ஒரு சட்டம் வைத்திருந்தார்.

"நர்சம்மா, நீ யார் யாரையோ தொட்டுக்கினு வர்ற. தலைக்கு ஊத்திக்கினு அப்புறமா வாசப்படி ஏறு."

சரி, குளிக்கலாம். எங்கே?

கிணற்றடியில் ஒரு துவைக்கிற கல். சுற்றி இடுப்பு உயரத்துக்குத் தென்னங்கீற்று மறைப்பு. மற்ற பெண்கள் விடிவதற்கு முன்பே குளித்துவிடுவார்கள். நான் வருவதோ எட்டு மணிக்கு. பக்கத்து மாடியில் மண்டி ஆட்கள் நின்று பல் விளக்கிக்கொண்டிருப்பார்கள். புடவையைச் சுற்றிக்கொண்டு, குனிந்தபடியே நாலு செம்பு ஊற்றிக்கொண்டு ஓடிவருவேன். அழுகையாக வரும்.

சுவர் வைத்துத் தரச் சொல்லிக் கேட்டேன். "அடுத்த வருஷம் பாக்கலாம்மா" என்றார் மண்டிக்காரர்.

எங்கள் ஆஸ்பத்திரி மேட்ரன் குடியிருந்த பங்களாவின் வேலி முழுக்க இந்தக் கடிகாரப் பூக்கொடிதான். ஒரு துண்டு வெட்டிக் கொடுத்து, "கோடையில செத்த மாதிரி கிடக்கும். வேர்ல மட்டும் கை வெக்காத, மழைக்குத் திரும்ப வரும்" என்றார். குளித்த தண்ணீர் ஓடும் இடத்தில் நட்டு, நாலு மூங்கில் ஊன்றி, கயிறு கட்டிப் பந்தல் போட்டேன். ஐப்பசி மழை முடிவதற்குள் பந்தலையே மூடிவிட்டது. பச்சை ரூம்! முதல் தடவையாக நிமிர்ந்து நின்று குளித்தேன்.

பூ வந்ததும் ராஜாம்பாள் அக்கா என்ன பூ என்று விசாரித்தார். நான் கிறிஸ்தவப் பெண். பூவுக்குள் இயேசுவின் முள்முடி, ஆணி, ஐந்து காயம் என்று மேட்ரன் சொன்னதைச் சொல்லத் தொடங்கினேன்.

"அட போ நர்சம்மா! சுத்தி நிக்கிறானுங்களே நூறு பேரு, அவனுங்க கௌரவருங்க. நடுவுல அஞ்சு பேரு பாண்டவருங்க. கண்ணு தெரியல உனக்கு?"

எனக்குத் தேவை மறைப்பு. யார் கதையாக இருந்தால் என்ன? தினமும் பூ அவர் வீட்டுப் பூஜைக்குப் போனது.

அடுத்த கோடையில் கம்பளிப்பூச்சி பாதி இலையைத் தின்றது. மீதியை வெயில் உதிர்த்தது. நான் டியூட்டிக்குப் போயிருந்தபோது மண்டிக்காரர், கொடி செத்துவிட்டது, பாம்பு வந்து அடையும் என்று, அடிவரை வெட்டிப் பந்தலையும் பிரித்துப் போட்டுவிட்டார். காலையில் வந்து பார்த்தால் வெட்டவெளி. மாடியில் பல் குச்சிகள்.

எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ! குளிக்காமல் நேராக வாசற்படி ஏறினேன்.

"ஐயய்யோ, இன்னா நர்சம்மா இது!"

"குளிக்கிறேங்க அக்கா. நீங்க வந்து மறைச்சிக்கினு நில்லுங்க, குளிக்கிறேன்."

ராஜாம்பாள் அக்கா மாடியை ஒருமுறை பார்த்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது என்று நினைக்கிறேன். உள்ளே போய் ஒரு போர்வையை எடுத்து வந்தார். இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். தினமும் நின்றார். மண்டிக்காரரின் காலை இட்லி அதனால் தினமும் தாமதமானது. பத்து நாளில் கொத்தனார் வந்துவிட்டார்.

வெட்டிய கொடியின் அடியில் புதுத் துளிர் விட்டிருந்தது. சுவருக்குக் கடைக்கால் தோண்டியது சரியாக அந்த இடத்தில்தான். மண்வெட்டி வேரைத் தூக்கிப் போட்டபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். தடுக்கலாமா என்று நினைத்தேன். தடுத்தால் சுவர் வேலை நின்றுவிடும். விட்டுவிட்டேன். சுவர் எழும்பியது. தகரக் கதவும் போட்டார்கள். உள்ளே சுண்ணாம்பு வாசனை மட்டும்.

இப்போது இருப்பது மகனுடைய ஃபிளாட். டைல்ஸ், ஹீட்டர், நல்ல கனமான கதவு. போன வருஷம் ஒருமுறை வழுக்கி விழுந்தேன். அதிலிருந்து மருமகள், "அத்தை, தாழ்ப்பாள் போடாதீங்க, லேசா சாத்தி வச்சா போதும்" என்கிறாள். அவள் சொல்வதும் நியாயம்தான்.

அதனால் அவள் ஆபீஸ் கிளம்பிய பிறகுதான் குளிக்கிறேன்... தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு. அவள் இந்த வாட்ஸ்அப் குரூப்பில் இல்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன். யாரும் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.