தமிழ்வழிக் கணக்கு வகுப்புக்குக் கடைசி ஆளைப் பிடித்த ராஜவேலு அண்ணன்

ராஜவேலு அண்ணன் இறந்துவிட்டார். காலையில் அவர் மனைவி அமுதா அக்கா போன் செய்தார்... இன்னும் நம்ப முடியவில்லை.

கள்ளக்குறிச்சியில் எங்கள் அரசுக் கல்லூரிக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர். அங்கே படித்தவர்களுக்கு அந்தக் குரல் மறக்காது!

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் முன்னுரிமை என்று சட்டம் வந்த வருஷம். பி.எஸ்சி. கணக்கில் சேர, கரியாலூரிலிருந்து பஸ் பிடித்து வந்து நிற்கிறேன்.

எங்கள் கல்லூரியில் கணக்குக்கு அப்போதுதான் தமிழ்வழி வகுப்பு அறிவித்திருந்தார்கள். போதுமான ஆள் சேர்ந்தால்தான் நடக்கும். ஆனால் எல்லோரும் இங்கிலீஷ் மீடியம் லைனில்... நானும்தான்.

அண்ணன் கடையை அப்படியே போட்டுவிட்டு, சட்டம் பற்றிய பேப்பர் செய்தியை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு லைனுக்குள் வந்துவிட்டார்.

"இன்னாம்மா, பன்னெண்டாவது வரைக்கும் தமிழ்லதான படிச்ச? இந்த லைன்ல இன்னா பண்ணிக்கினு நிக்கிற? மொதல்ல இதப் படி!"

படித்தேன். இன்னொரு முறை படித்தேன். லைன் மாறினேன். பின்னாலேயே நாலைந்து பேர்!

கடைசி நாள் மதியம், ஒரே ஒரு ஆள் குறைகிறது. ஆபீஸை மூடப் போகிறார்கள். எங்களுக்கு அழுகையே வந்துவிட்டது.

அண்ணன் வீட்டுக்குப் போன் போட்டார். "அமுதா, உன் ப்ளஸ் டூ மார்க் ஷீட்டு, டி.சி. எல்லாம் எடுத்துக்கினு ஓடியா! காலேஜ்ல சேரத்தான், வேற எதுக்கு? நீ படிக்கணும் படிக்கணும்னு சொல்லிக்கினே இருந்தல்ல?"

கல்யாணமாகி ஆறு வருஷம் ஆனவர், மூச்சு வாங்க ஓடி வந்தார். கேட்டது ஒரே கேள்வி.

"எங்கங்க கையெழுத்துப் போடணும்?"

லைனே கைதட்டியது!

மூன்று வருஷம் அக்காவும் நானும் ஒரே பெஞ்ச். பரீட்சை சமயத்தில் சமையல் அண்ணன்தான்... சோறு குழைந்துதான் இருக்கும். எனக்கும் சேர்த்துக் கட்டிக் கொடுப்பார்.

அந்தச் சட்டத்தில் அக்காவுக்கு வேலை கிடைத்தபோது, அண்ணன் வேலை ஆர்டரை ஜெராக்ஸ் போட்டு, கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் நீட்டினார்.

"இது எதுக்குங்க எனக்கு?" என்றார் ஒரு பெரியவர்.

"எங்கூட்டம்மா பேரு இருக்குது பாருங்க! வச்சிக்கோங்க!"

சாயங்காலம் எடுக்கிறார்கள். பஸ்ஸில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

பாத்துப் போங்கண்ணா... நான் அக்காகிட்டதான் வந்துக்கினு இருக்கேன்.