கசக்கிய கை

உக்கிரபாண்டி சிம்மக்கல் மொத்தக் கடைகளில் மூட்டை இறக்கியவர். தூக்கிய தோளைவிட, கஞ்சா கசக்கிய கட்டைவிரலுக்குத்தான் அங்கே பேர். கூட்டாளிகள் பொட்டலத்தை அவரிடம்தான் நீட்டுவார்கள். இடது உள்ளங்கையில் கொட்டி, விதையும் காம்பும் பொறுக்கிப் போட்டு, துளி தண்ணீர் விட்டு, வலது கட்டைவிரலால் பதமாகத் தேய்த்துக் கொடுப்பார்.

அந்த விரலைக் கண்டால் அவர் மனைவி ஒச்சாயிக்கு ஆகாது. மகள் தமிழ்ச்செல்வி குழந்தையாக இருந்தபோது ஒருநாள் சோறு பிசைந்து ஊட்டப் போனார். ஒச்சாயி கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அந்தக் கையால எம்புள்ளைக்கு ஊட்டாத."

அதன்பிறகு அவர் ஊட்டவே இல்லை. மகள் கல்யாணமாகிச் சமயநல்லூர் போய்ச் சேர்ந்தாள்.

உக்கிரபாண்டிக்கு வயிற்றில் புற்றுக்கட்டி வந்தது. மருந்து ஏற்ற ஏற்ற விரல் நுனிகள் மரத்துப்போயின. சட்டைப் பொத்தான்கூடப் பிடிபடவில்லை. கோச்சடை வீட்டில் ஒச்சாயி அவரைத் துடைத்துவிட்டு, முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்து, கஞ்சிக் கிண்ணத்தோடு உட்காருவாள். கரண்டியைப் பார்த்தாலே அவருக்குக் குமட்டும். ஒரு வாய் உள்ளே இறங்கினால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

கூட மூட்டை தூக்கிய மருது பார்க்க வந்தான்.

"மதினி, கோவிச்சுக்காதீக. அது உள்ள போனா அண்ணனுக்குப் பசிக்கும்." பொட்டலத்தை ஜன்னலில் வைத்தான்.

"அவரு விரல்தான் செத்துப்போச்சே. நீயே கசக்கி வச்சிட்டுப் போ."

"முன்னாடியே கசக்கி வச்சா சாரமத்துப் போகும் மதினி. அப்பப்பக் கசக்கணும்."

கையால் தொட அவளுக்கு மனசில்லை. மிக்ஸியில் மிளகாய் அரைக்கும் சின்ன ஜாரில் போட்டு ஒரு ஓட்டு ஓட்டினாள். கழுவிய ஜார்தான். ஆனாலும் மிளகாய்க் காரம் எங்கே போகும்? பீடியில் அடைத்துப் பற்றவைத்துக் கொடுத்தாள். ஒரே இழுப்பு. நெஞ்சு பிளக்க இருமினார். குடித்திருந்த தண்ணீரும் வெளியே வந்தது.

"என்ன புள்ள, கறிக்கொழம்பு வைக்கிறியா?" என்றார், கண்ணில் நீர் வழிய.

அவள் சிரிக்கவில்லை. அவரைத் துடைத்துவிட்டு மிச்சப் பொட்டலத்தை எடுத்து வந்தாள். "எப்படின்னு சொல்லித் தொலை."

"கையில கொட்டு. வெதையப் பொறுக்கு, இருந்தா வெடிக்கும். மாவாக்கிராத, அடைச்சுக்கிரும். தண்ணி அம்புட்டு வேணாம். ம், தேயி. எம்மேல இருக்க கோவத்த அதுல காட்டாத."

தேய்த்தாள். பச்சை வாடை தோலில் ஏறியது. பீடியில் அடைத்துக் கொடுத்தாள். இந்தத் தடவை இருமல் வரவில்லை. கொஞ்ச நேரத்தில், "மோர்ச்சோறு இருக்கா?" என்றார்.

கை கழுவப் போனால் அதற்குள் பசி போய்விடுமோ என்று அவளுக்குப் பயம். அப்படியே பிசைந்து ஊட்டினாள். வாங்கிக்கொண்டார். மறு உருண்டைக்கும் வாய் திறந்தார்.

"அந்தக் கையாலயா ஊட்டுற?"

கிண்டலாகத்தான் கேட்டார். அவள் அடுத்த உருண்டையைப் பிடித்தாள்.

மறுநாள் காலையில் சோற்றை வடித்து வைத்துவிட்டு, கசக்கியதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு கட்டிலருகே போய்க் கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை. மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். மூச்சு இல்லை. கசக்கியதோடு மூடிக்கொண்ட கையை, மகளுக்குப் போன் போடும்வரை விரிக்கவே இல்லை.

சாயங்காலம் வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள்.

"கையில என்னம்மா வாடை? கழுவிட்டு வா," என்றாள் தமிழ்ச்செல்வி.

"இருக்கட்டும்."

அரிசியை அள்ளி அவர் வாயில் போட்டாள். உதட்டிலேயே நின்றது. கட்டைவிரலால் மெல்ல உள்ளே தள்ளிவிட்டாள்.